தனியாகச் சாப்பிட முடியாத வெங்காயம்

பார்சிலோனாவிலிருந்து தென்மேற்கே சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, தாராகோனா மாகாணத்தின் உட்பகுதியில் வல்ஸ் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. சுமார் 25,000 பேர் வாழும் ஊர். பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் அந்தப் பக்கம் போகிறவருக்கு, ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் புகை தெரிந்துவிடும். இலையெல்லாம் உதிர்ந்து முண்டும் முடிச்சுமாக நிற்கும் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு கல் வீடு, அதன் பின்புறத்திலிருந்து ஒரு புகை. பாதாம் மரங்கள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்திருக்கும் சரிவுக்கு அப்பால் இன்னொரு புகை. சாலையோரம் கார்களும், நகரத்திலிருந்து ஆள் ஏற்றி வந்த பெரிய பேருந்துகளும் வரிசையாக நிற்கும். குளிர்காலத்தில் இவ்வளவு பேர் இந்தக் காட்டுப் பக்கம் எதற்கு வருகிறார்கள் என்று கேட்டால், வெங்காயம் தின்ன என்பதுதான் நேரான பதில்.

அந்த வெங்காயத்துக்குக் கல்சோத் என்று பெயர். அதைச் சுட்டு, கூடிநின்று தின்னும் விருந்துக்குக் கல்சொத்தாதா என்று பெயர். இந்த ஊர்களெல்லாம் அடங்கிய ஸ்பெயினின் கேட்டலோனியாப் பகுதியில், பிறந்த நாள், வேலையிலிருந்து ஓய்வு பெறுதல், கால்பந்துக் குழுவின் ஆண்டு முடிவு, பழைய வகுப்புத் தோழர்களின் சந்திப்பு என்று எதையும் குளிர்காலத்தில் கொண்டாட வேண்டுமானால் ‘ஒரு கல்சொத்தாதா வைத்துவிடலாம்’ என்பார்கள். காரணமே இல்லாவிட்டாலும் வைப்பார்கள். அந்த விருந்துக்கு உரிய இடம் கிராமப்புறத்துப் பண்ணை வீட்டு உணவகம். நான் போனதும் அப்படி ஒன்றுக்குத்தான். பார்சிலோனாவில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் மலையேறும் சங்கம் ஒன்றில் உறுப்பினர். அவர்கள் ஆண்டுதோறும் மலைக்குப் பதில் வயலுக்குப் போகிற ஒரே ஞாயிற்றுக்கிழமை அது. ‘நீயும் வா, ஆள் கூடினால்தான் நன்றாக இருக்கும்’ என்று அழைத்தார். அது உபசார வார்த்தை என்றுதான் அப்போது எண்ணியிருந்தேன். அதில் எவ்வளவு விவரம் இருக்கிறது என்பது போன பிறகுதான் புரிந்தது.

இந்தப் பண்ணை வீடுகளை மசியா என்கிறார்கள். பக்கத்தில் ஊர், தெரு எதுவும் இல்லாமல் தன் நிலத்தின் நடுவே தனித்து நிற்கும் வீடு. பருத்த கல் சுவர், இருபக்கமும் சரியும் ஓட்டுக் கூரை, வெயில் விழும் தெற்குப் பார்த்த வாசல், வாசலுக்கு மேலே ஆப்பு வடிவில் செதுக்கிய கற்களை அடுக்கிய வளைவு. பழைய அமைப்பில் கீழ்த்தளம் மாடு, கழுதை, கருவிகள், திராட்சை மிதிக்கும் தொட்டி ஆகியவற்றுக்கு. நடுத்தளத்தில் குடும்பம். அதற்கும் மேலே தானியமும் பழமும் காயவைக்கும் பரண். பழைய கேட்டலோனிய வழக்கப்படி சொத்து பிள்ளைகளுக்குள் பங்கு பிரிக்கப்படாது. பெரும்பாலும் மூத்த மகன் வீட்டையும் நிலத்தையும் முழுதாகப் பெறுவான். மற்றவர்கள் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வேறு பிழைப்புத் தேட வேண்டும். இளையவர்களுக்கு அது கடுமையான ஏற்பாடுதான். ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் ஒரு மசியா ஒரே மசியாவாகத் துண்டுபடாமல் நின்றதற்கும் அதுவே காரணம்.

ஓவியர் ஜொவான் மிரோவின் குடும்பத்துக்கு இதே தாராகோனா மாகாணத்தில், மொன்ட்-ரோய்க் என்ற ஊரில் இப்படி ஒரு பண்ணை வீடு இருந்தது. 1921-22 ஆண்டுகளில் அவர் அதை ‘மசியா’ என்ற பெயரிலேயே வரைந்தார். சுவரின் விரிசல், கோழிக் கூண்டு, நீர்த்தொட்டி, மண்ணில் கிடக்கும் வாளி என ஒன்றையும் விடாமல் எண்ணி எண்ணி வரைந்த படம் அது. எர்னெஸ்ட் ஹெமிங்வே அதை வாங்கி வைத்திருந்தார். இப்போது வாஷிங்டனில் உள்ள தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. மசியா என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் அந்தப் படத்தைத்தான் காட்டுவேன். வீடு, களம், விலங்கு, கருவி எல்லாம் சேர்ந்த ஒரே உயிர் அது.

அந்த உயிர் இருபதாம் நூற்றாண்டில் தளர்ந்தது. பார்சிலோனாவின் ஆலைகளும், பிறகு கடற்கரையில் வளர்ந்த சுற்றுலாவும் ஆட்களை இழுத்துக்கொண்டன. வயலை மட்டும் நம்பி அவ்வளவு பெரிய வீட்டின் கூரையைப் பழுதுபார்க்க முடியாத நிலை வந்தது. பல மசியாக்கள் இடிந்தன, சில நகரத்துக்காரர்களின் வாரக்கடைசி வீடுகளாயின. வல்ஸ் பக்கத்தில் பிழைத்து நின்றவற்றில் பலவற்றைக் காப்பாற்றியது இந்த வெங்காயம்தான். கீழ்த்தளத்தில் மாடு கட்டியிருந்த இடத்தில் இப்போது நீண்ட மரமேசைகள். மிதி தொட்டி இருந்த இடத்தில் சமையலறை.

கல்சோத்தை நம்மூர்ச் சந்தையில் கிடைக்கும் வெங்காயத்தாள் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்குப் பின்னால் ஓராண்டுக்கு மேலான வேலை இருக்கிறது. முதலில் விதையை நாற்றங்காலில் போட்டு, நாற்றைப் பிடுங்கி நட்டு, வெள்ளை வெங்காயமாக வளர்க்கிறார்கள். கோடையில் அந்தக் காயை எடுத்து, காற்றோட்டமான நிழலில் வைத்திருந்து, ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ தலையைக் கொஞ்சம் சீவி மறுபடியும் மண்ணில் நடுகிறார்கள். ஒரு காயிலிருந்து நான்கு முதல் பத்து தளிர்கள் வரை கிளம்பும். அவை உயர உயர இருபுறமும் மண் அணைத்துக்கொண்டே போவார்கள். வெயில் படாத தண்டு பச்சையாகாமல் வெளுத்து, நீண்டு, இனிப்பேறும். மண் அணைப்பதைக் குறிக்கும் வினைச்சொல்லிலிருந்துதான் பயிரின் பெயரே வந்தது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அறுவடை. பெரிய குளிர் தாண்டிய ஜனவரி, பிப்ரவரி மாதக் கல்சோத்துதான் சுவையில் முதல் தரம் என்று அங்கே எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்.

தென்மாவட்டத்து ஆள் யாருக்கும் இதைக் கேட்டதும் பனங்கிழங்கு நினைவுக்கு வரும். கொட்டையை மண்ணில் புதைத்து, மேடு கட்டி, தை பிறக்கும்போது கிளப்பி, தோலை உரித்துத் தின்பது. விளைந்த ஒன்றை மறுபடியும் புதைத்து அதன் முளையை உண்ணும் அந்த யோசனை இரண்டு ஊருக்கும் பொது. மாதமும் ஏறக்குறைய பொது.

வல்ஸ் கல்சோத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு உண்டு. அந்த விதிப்படி வெண்தண்டு 15 முதல் 25 செ.மீ. நீளமும், வேருக்கு மேல் ஐந்து செ.மீ. உயரத்தில் 1.7 முதல் 2.5 செ.மீ. வரை பருமனும் இருக்க வேண்டும். இருபத்தைந்து அல்லது ஐம்பது எண்ணிக் கட்டிய கட்டாகத்தான் விற்பனைக்கு வரும். அளவில் இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால், நெருப்பில் ஒரே நேரத்தில் வேக வேண்டும். ஒன்று தடித்து ஒன்று மெலிந்திருந்தால் மெலிந்தது கரியாகும், தடித்தது பச்சையாக நிற்கும்.

எப்படித் தொடங்கியது என்பதற்கு வல்ஸில் ஒரு கதை சொல்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஷாட் டி பெனைஜஸ் என்று அழைக்கப்பட்ட ஓர் ஏழை விவசாயி, முளைத்துப்போன வெங்காயத்தை நெருப்பில் போட்டுச் சுட்டாராம். கவனம் பிசகி மேலெல்லாம் கரிந்துவிட்டது. தூக்கியெறிய மனமில்லாமல் கரிந்த தோலை உரித்துப் பார்த்தால் உள்ளே வெண்ணெய் போன்ற பகுதி. அது நடந்ததோ இல்லையோ, காலம் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஃபிலோக்செரா என்ற வேர்ப்பூச்சி அந்தச் சமயத்தில்தான் கேட்டலோனியாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. ஒரே பயிரை நம்பியிருந்த குடும்பங்கள் வேறு எதையும் வீணாக்க முடியாத காலம் அது. பிறகு 20-ஆம் நூற்றாண்டில் ஊர் நண்பர் குழுக்கள் மசியாக்களில் கூடிச் சுட்டுத் தின்பதை வழக்கமாக்கின. வெளியூர் விருந்தினர்களை அழைத்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போய்ப் பேசினார்கள். அதற்குப் பிறகு உணவகங்கள் வந்தன. இப்போது வல்ஸிலிருந்து லெய்தா போகும் சாலையோரம் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் உட்காரக்கூடிய மசியா உணவகங்கள் இருக்கின்றன.

நாங்கள் போனது அவ்வளவு பெரியதில்லை. பிரதான சாலையை விட்டு, இரு பக்கமும் கல் அடுக்கிய வரப்புகளுக்கு இடையே ஒரு மண் பாதையில் போக வேண்டும். மூன்று தலைமுறை சேர்ந்து நடத்தும் இடம். தாத்தா நெருப்பைப் பார்த்துக்கொள்கிறார், மகள் சமையலறையை, பேரன்கள் பரிமாறுகிறார்கள். வண்டி நின்றதும் யாரும் உள்ளே போய் நாற்காலி தேடவில்லை. எல்லோரும் நேராகப் பின்புறத்து நெருப்புக்குத்தான் போனார்கள். ஆளாளுக்குக் கையில் ஒரு துண்டு ரொட்டியும் ஆலிவ் காயும் வந்தது. நின்றபடியே பேச்சு தொடங்கிவிட்டது.

அந்த நெருப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் விருந்தின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. விறகு கிடையாது, அடுப்புக்கரி கிடையாது. குளிர்காலத்தில் திராட்சைக் கொடியைக் கவாத்து செய்வார்கள். அப்போது வெட்டி விழும் குச்சிகளைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். அவை சுள்ளென்று பற்றி, உயரமாக எரிந்து, விரைவில் அடங்கிவிடும். கல்சோத்துக்குத் தணல் உதவாது, தழல் வேண்டும். இரும்புக் கம்பிவலையில் நெருக்கமாக அடுக்கிய நூறு, இருநூறு தண்டுகளையும் அந்தத் தழல் ஒரே வீச்சில் தழுவ வேண்டும். வெளித்தோல் முழுதும் கரிந்து, அடி வெட்டிலிருந்து சாறு நுரைத்து வரும்போது தாத்தா வலையைப் புரட்டுகிறார். இரண்டு பக்கமும் கறுத்ததும் எடுத்து, பழைய செய்தித்தாளில் கட்டுகளாகச் சுற்றி ஒரு பெட்டிக்குள் வைத்து மூடுகிறார்கள். அரைமணி நேரம் போலத் தன் ஆவியிலேயே அது வேகும். அந்த அரைமணிதான் உள்ளே இருக்கும் இழையை மெத்தென்று ஆக்குகிறது. அவசரப்பட்டுத் தின்றால் சுட்ட வெங்காயம், பொறுத்துத் தின்றால் கல்சோத்.

இதை யோசித்துப் பாருங்கள். நாலு கல்சோத்துக்காக இந்தத் தழலை மூட்ட முடியாது. ஒரு ஆளுக்கு என்று சிறிய சட்டியில் செய்தால் இது வேறு பண்டம். நகரத்துச் சூப்பர் மார்க்கெட்டில் கல்சோத் கிடைக்கிறது, வீட்டு ஓவனில் வைத்துச் சுடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கரியும் புகையும் இல்லாத அதைச் சாப்பிட்டவர்கள் யாரும் ‘கல்சொத்தாதா போனேன்’ என்று சொல்லிக்கொள்வதில்லை. கூட்டம் இருந்தால்தான் நெருப்பு, நெருப்பு இருந்தால்தான் பண்டம். ‘ஆள் கூடினால்தான் நன்றாக இருக்கும்’ என்று நண்பர் சொன்னதன் பொருள் இதுதான். நம் காலத்தில் விருந்து என்பது பலரும் ஓரிடத்தில் உட்கார்ந்து அவரவர் தட்டை அவரவர் தின்றுவிட்டுப் போவதாகிவிட்டது. இந்த ஊரில் பண்டமே ஆட்களைக் கூடச் சொல்கிறது.

மேசைக்கு வருவது தட்டில் வருவதில்லை. கூரையிலிருந்து இறக்கியது போன்ற அரைவட்ட ஓட்டின் குழிவில், செய்தித்தாள் பொதியோடு ஆவி பறக்க வருகிறது. ஓடு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கு முன்பே எல்லோர் கழுத்திலும் பெரிய காகித மார்புத்துணி கட்டியாகிவிட்டது. பேராசிரியர், மருத்துவத் தாதி, ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், பத்து வயதுப் பையன், எல்லோரும் அந்தத் துணியில் ஒரே கோலம். பெரும்பாலோர் உட்காரவில்லை. நின்றுதான் தின்ன வேண்டும், அதற்குக் காரணம் உண்டு.

பச்சைத் தாளை இடது கையால் உயரப் பிடித்து, கரிந்த அடியை வலது கை விரல்களால் இறுக்கி ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கறுத்த உறை கழன்று வந்துவிடும். உள்ளிருந்து வெள்ளையாக, ஈரமாக, நீளமாகத் தண்டு தொங்கும். அதைச் சாஸில் முக்கி, தலையை அண்ணாந்து, மேலிருந்து வாய்க்குள் இறக்கி, பச்சை தொடங்கும் இடத்தில் கடித்து விட்டுவிட வேண்டும். மெல்லிய இனிப்பு, புகை வாசனை, மண்ணின் ஒரு சிறு கசப்பு. வெங்காயத்தின் காரம் ஒரு துளியும் இல்லை. பத்து தின்னும் வரை பசி கிளம்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் இருபது, இருபத்தைந்து தின்பது அங்கே சாதாரணம். முதல் ஐந்து நிமிடத்திலேயே விரல், முகவாய், மூக்கு நுனி எல்லாம் கரி. கத்தியும் முள்கரண்டியும் இல்லாமல் சோறு தின்னத் தயங்குகிற ஐரோப்பியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கே ஒருவர்கூடத் தயங்கவில்லை. எதிரில் நின்ற அம்மாள் என் கையைப் பார்த்துவிட்டு, ‘உங்களுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை’ என்றார். கையால் உண்டு வளர்ந்தவர்களுக்கு அது உண்மையிலேயே எளிது.

சாஸ் இல்லாமல் இந்த விருந்து பாதிதான். சல்விச்சாதா என்று அதற்குப் பெயர். தோலோடு சுட்ட தக்காளியும் பூண்டும், வறுத்த பாதாமும் ஹேசல் கொட்டையும், நியோரா எனும் உருண்டையான காய்ந்த மிளகாயை ஊறவைத்துச் சுரண்டிய சதை, காடி, உப்பு. எல்லாவற்றையும் அரைத்து ஆலிவ் எண்ணெய் விட்டு இளக்குகிறார்கள். நியோராவில் காரம் கிடையாது; நிறமும் ஆழமான இனிப்பும்தான். ஒரு சின்னக் கார மிளகாயைச் சேர்ப்பவர்களும் உண்டு. கடலோரத்து ரொமெஸ்கோ சாஸுக்கு இது நெருங்கிய சொந்தம். ஆனால் இரண்டையும் ஒன்று என்று சொன்னால் வல்ஸ்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு. பாதாம் அதிகமா, ஹேசல் அதிகமா என்பதில் குடும்பத்துக்குள்ளேயே இரு கட்சி. நான் சமையலறை வாசலில் நின்று கேட்டபோது மகள் எல்லாவற்றையும் சொன்னார், அளவை மட்டும் சொல்லவில்லை. அப்பா உயிரோடு இருக்கும்வரை அவருடைய கணக்கு வெளியே போகாது என்றார்.

இந்த இடத்தில் என்னை மிகவும் கவர்ந்தது, மேசையில் இருந்த பொருள்கள் ஒன்றோடொன்று கொண்டிருந்த உறவு. பாதாமும் ஹேசலும் சுற்றியுள்ள மானாவாரிச் சரிவுகளில் விளைபவை. பக்கத்தில் உள்ள ரெயூஸ் ஹேசலுக்குப் பெயர் போன ஊர். எண்ணெய், குளிர்கால அறுவடையில் பிழிந்த அர்பெக்கினா ஆலிவின் புது எண்ணெய். ஒயின் அந்தத் தோட்டத்துத் திராட்சை. எரித்ததும் அதே கொடியின் குச்சி. கொடியைக் கவாத்து செய்யும் மாதமும் கல்சோத் தோண்டும் மாதமும் ஒன்றாக இருப்பதால்தான் அந்த நெருப்பு இந்த வெங்காயத்துக்குக் கிடைத்தது. சமையல்காரர் யாரும் உட்கார்ந்து வகுத்த பட்டியல் இல்லை இது. குளிர்காலத்தில் அந்த மண்ணில் என்ன வேலை நடக்கிறதோ அதுவே அன்றைய சாப்பாடு. ‘பண்ணையிலிருந்து நேராக’ என்று பலகை மாட்டிய நகரத்து உணவகங்களில் சாப்பிட்டிருக்கிறேன். அங்கே எல்லாப் பொருளும் எல்லா மாதமும் கிடைக்கும். இந்த மசியா மே மாதத்தில் உங்களுக்குக் கல்சோத் தராது. தர முடியாது. அந்த ‘முடியாது’ மேல் எனக்கு மிகுந்த மரியாதை இருக்கிறது.

கல்சோத் முடிந்ததும் எல்லோரும் முற்றத்துக் குழாயில் வரிசையாகக் கை கழுவி, இப்போதுதான் உள்ளே போய் உட்காருகிறார்கள். தழல் அடங்கிய அதே இடத்தில் தணலைப் பரப்பி ஆட்டு விலா, புத்திஃபாரா எனும் பன்றி இறைச்சிச் சாசேஜ், கூனைப்பூ எல்லாம் சுட்டுக் கொண்டுவருகிறார்கள். கூட வேகவைத்த வெள்ளை மொச்சை, பூண்டையும் எண்ணெயையும் அடித்துக் கலக்கிய அல்யோலி, தக்காளியைத் தேய்த்து எண்ணெய் விட்ட சுட்ட ரொட்டி. ஒயின், பொர்ரோ என்ற கூர்மூக்குக் கண்ணாடிக் கூஜாவில் மேசையைச் சுற்றி வரும். யாரும் வாய் வைக்காமல், தூக்கிப் பிடித்து, மெல்லிய தாரையாக வாயில் விட்டுக்கொள்ள வேண்டும். ஒரே கூஜா இருபது பேருக்கு. கடைசியில் ஆரஞ்சுப் பழமும், மேலே சர்க்கரையைக் கருக்கிய கிரேமா கட்டலானாவும். இந்த இரண்டாம் பாதி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்காக யாரும் இவ்வளவு தூரம் வர மாட்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டு மணிக்குத் தொடங்கியது ஐந்தரை வரை ஓடியது. ஒரு மூலையில் சீட்டாட்டம். அந்த ஆட்டத்துக்கும் அந்தச் சாசேஜின் பெயரேதான். இன்னொரு பக்கம் பாட்டு. பிள்ளைகள் கரியால் ஒருவர் முகத்தில் ஒருவர் மீசை வரைந்துகொண்டு ஓடினார்கள். சங்கத்தில் மூத்தவர் ஒருவருக்கு அன்று எழுபத்தைந்து வயது நிறைந்தது. கேக் வரவில்லை; வலையின் மேல் கடைசியாகக் கிடந்த கல்சோத் கட்டைத் தாத்தா தாமே உரித்து அவருக்கு ஊட்டினார்.

நல்லது மட்டும் சொல்லிப் போவது நியாயமில்லை. புகழ் கூடக் கூட இந்த விருந்து சில இடங்களில் ஆலை வேலை போல ஆகிவிட்டது. ஒரு மணிக்கு ஒரு பந்தி, மூன்றரைக்கு அடுத்த பந்தி என்று எழுப்பி விடுகிறார்கள். சாஸ் வாளியில் வந்து இறங்குகிறது. எரிவாயு அடுப்பில் சுடும் இடங்கள் உண்டு. திராட்சைக் குச்சி வாசலில் அலங்காரத்துக்கு அடுக்கியிருக்கும். ஆளுக்கு முப்பத்தைந்து முதல் ஐம்பது யூரோ வரை வாங்கும் இடத்தில் இது ஏமாற்றம்தான். ஆனாலும் பெரிய மசியாக்களை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நாற்பது பேர் கொண்ட ஒரு முதியோர் மன்றமோ, ஓர் ஆலைத் தொழிலாளர் கூட்டமோ ஒரு பேருந்தைப் பிடித்து வந்து உட்கார வேறு எங்கே இடம் இருக்கிறது? அவர்களுடைய குரலும் சிரிப்பும் சிறிய மசியாவில் கேட்டதைவிடக் குறைந்ததாக இல்லை.

அதைவிடப் பெரிய கவலை தண்ணீர். 2021-க்குப் பிறகு கேட்டலோனியாவில் நீண்ட வறட்சி நிலவியது. 2024 பிப்ரவரியில், கல்சோத் பருவத்தின் நடுவில், பார்சிலோனா வட்டாரத்துக்கு வறட்சி நெருக்கடி நிலையே அறிவித்தார்கள். மண் அணைத்து வளர்க்கிற பயிருக்கு ஈரம் இல்லாவிட்டால் தண்டு தடிக்காது, நீளாது. எங்கள் மசியாவின் தாத்தா அந்த ஆண்டுகளைப் பற்றி அதிகம் பேசவில்லை. வயலுக்கு அழைத்துப் போய், கால்வாசி நிலத்தை நடாமல் போட்டிருந்த இடத்தைக் கையால் காட்டினார். வயலில் குனிந்து வேலை செய்தவர்களில் இரண்டு பேர் மொராக்கோவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் மண் அணைக்க இந்த ஊரில் ஆள் இல்லை என்றார் அவர். விருந்து மேசையில் நின்று பார்க்கிறவருக்குத் தெரியாத பாதி அந்த வரப்பில் இருக்கிறது. போகிறவர்கள் ஒருமுறை வயலையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பெருமையோடு காட்டுவார்கள்.

வல்ஸ் நகருக்குள்ளும் கொஞ்ச நேரம் நடக்கலாம். மனிதர்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி எட்டு, ஒன்பது, சில சமயம் பத்து அடுக்குக் கோபுரம் கட்டும் காஸ்டெல் கலைக்கு இதுதான் பிறந்த வீடு. 2010-இல் யுனெஸ்கோ அதை மனிதகுலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உச்சியில் ஏறிக் கை உயர்த்துவது ஒரு சிறு பிள்ளை. அடியில் நூற்றுக்கணக்கானோர் ஒருவரையொருவர் நெருக்கி நின்று சுமை தாங்குகிறார்கள். அந்த அடிக்கூட்டத்தில் பயிற்சியே இல்லாத வழிப்போக்கரும் கை கொடுக்கலாம். ஊரில் அதற்கு இரண்டு பழைய குழுக்கள், இரண்டுக்கும் தீராத போட்டி. மலையேறும் சங்கத்தில் ஒருவர் இளவயதில் அப்படிக் கோபுரம் ஏறியவர். கல்சொத்தாதா, காஸ்டெல் இரண்டையும் ஒரே ஊர் கண்டுபிடித்தது தற்செயல் இல்லை என்பது அவருடைய உறுதியான எண்ணம். எனக்கும் அதில் மறுப்பு இல்லை. கட்டடக் கலையில் ஆர்வம் உள்ளவர்கள் பக்கத்து ஊரான நூல்யெஸ் வரை போய், வல்ஸில் பிறந்தவரும் கட்டடக் கலைஞர் கௌதியின் சீடருமான சேசர் மார்ட்டினெல் கட்டிய கூட்டுறவு ஒயின் கூடத்தைப் பார்க்கலாம். பூச்சி அழித்த தோட்டங்களை மறுபடி நட்ட விவசாயிகள், தனித்தனியாக நிற்க முடியாது என்று சங்கம் சேர்ந்து எழுப்பிய செங்கல் வளைவுகள் அவை.

போக விரும்புகிறவர்களுக்கு: பார்சிலோனாவிலிருந்து வல்ஸுக்குப் பேருந்து உண்டு, ஆனால் வயல் நடுவே இருக்கும் மசியாவுக்கு வண்டி வேண்டும்; ஓட்டுகிறவர் பொர்ரோவைத் தொடாதவராக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குப் பல வாரம் முன்பே சொல்லி வைக்க வேண்டும், வார நாளில் எளிதாகக் கிடைக்கும். முன்பதிவு செய்யும்போது எதில் சுடுகிறார்கள் என்று கேளுங்கள். திராட்சைக் குச்சி என்று சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். கரி ஒட்டினால் வருந்தாத உடுப்பு போடுங்கள். சைவம் உண்பவர்களுக்கு இது அருமையான விருந்து, ஏனென்றால் கல்சோத்திலும் சாஸிலும் இறைச்சியே இல்லை. இரண்டாம் பாதிக்குக் கூனைப்பூவும் மொச்சையும் மட்டும் தரச் சொல்லலாம், மொச்சையை இறைச்சிக் கொழுப்பில் வதக்குகிறார்களா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். கூட ஆள் யாரும் இல்லாமல் தனியாகப் பயணம் போகிறவர் ஜனவரியின் கடைசி ஞாயிறன்று வல்ஸ் நகரத்துக்கே போய்விடலாம். அன்று அங்கே பெருவிழா. தெருவிலேயே நெருப்பு மூட்டி ஆயிரக்கணக்கில் சுடுகிறார்கள். விளைவித்தவர்களுக்கு ஒரு போட்டி, சாஸ் அரைப்பவர்களுக்கு ஒரு போட்டி, நாற்பத்தைந்து நிமிடத்தில் அதிகம் தின்பவருக்கு ஒரு போட்டி என்று ஊரே பரபரப்பாக இருக்கும். ஒரு கட்டு வாங்கிக்கொண்டு எந்த மேசை ஓரத்தில் நின்றாலும், பக்கத்தில் இருப்பவர் சாஸ் கிண்ணத்தை உங்கள் பக்கம் தள்ளுவார்.